இடது கன்னத்தில் ஒரு விரல் இடைவெளி

“அப்ப அந்தத் தூளு கட்டிக்குள்ள போயி சும்மாவே கெடக்குமா?”

“சும்மாதாம்மா கெடக்கும். கதிர் பட்டாதான் வேல செய்யும். எத்தன தடவ சொல்றது?”

“தகரக் கூர மாதிரின்னு சொல்லு.”

“என்னாது?”

“வெயில் இல்லாட்டி தகரம் பாட்டுக்கு ஜில்லுன்னு கெடக்கு. வெயில் பட்டுச்சுன்னா உள்ள இருக்கறவன வேக வச்சி எடுக்குதுல்ல? அந்த மாதிரி.”

சந்திரிகா வாய்க்குக் கொண்டுபோன தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். செரண்டா மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகப் பூதக்கண்ணாடிக்குக் கீழே கணினிச் சில்லுகளைப் பார்த்துத் தள்ளுகிறவள் அவள். இரண்டு வாரமாக நானோ, நானோ என்று வீடியோ பார்த்துப் பார்த்து, அப்பாவுக்கு உப்பை வைத்துச் சொன்னாள், சித்திக்கு மணலை வைத்துச் சொன்னாள், ஒருத்தருக்கும் ஏறவில்லை. தலைமுடியை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதைவிடச் சின்னத் தூள் என்று சொன்னதற்கு, “அவ்ளோ பொடிய வச்சிக்கிட்டு ஒரு கட்டிய என்னாடி பண்ணுவாங்க?” என்று சித்தி சிரித்தாள். இங்கே அம்மா பூண்டு உரித்துக்கொண்டே ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“ம்மா, செம்ம லா! இத நான் குரூப்ல போடப் போறேன்.”

“போடு போடு. எம்பேர போடு.”

நாகமணிக்கு ஐம்பத்து நாலு வயது. ஈஜோக் ஊர்ப் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடம் உதிரிப் பழம் பொறுக்கியவள், இப்போது நாற்று மேட்டில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறாள். பதினாறு வயதில் பிடித்த வெற்றிலை. மார்ச் மாதம் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. போகவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, சதை எடுத்து, புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுக்க ஒன்பது மணி நேரம் ஆகும், தாடையில் ஒரு துண்டும் போகும், இவள் இதயம் அதைத் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் டாக்டர் லிங்கேஸ்வரன் அந்தப் புதிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். கட்டிக்குள் ஊசியால் உலோகத் தூள். அப்புறம் ஏழு வாரம் கதிர்வீச்சு. தூள் இருக்கிற இடத்தில் மட்டும் கதிரின் அடி பலமாக விழும். பலிக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. பலிக்குமா என்று பார்ப்பதற்குத்தான் ஆய்வே என்றார். அந்தப் பேச்சு நாகமணிக்குப் பிடித்துப் போனது.

பதினோரு பக்கம் சம்மதத் தாள். தமிழில்தான் இருந்தது. சந்திரிகா உரக்க வாசித்தாள். ஏழாவது பக்கத்தில், வெற்றிலை, பாக்கு, புகையிலை அறவே கூடாது, கையெழுத்து போட்ட பிறகு தொட்டால் ஆய்விலிருந்து நீக்கப்படலாம் என்று இருந்தது. நாகமணி கையெழுத்து போட்டாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் சிவானந்தம் பார்க்கப் பார்க்க வெற்றிலைச் சுருக்குப் பையைக் கொண்டுபோய்க் கால்வாயில் வீசினாள்.

“முப்பத்தெட்டு வருஷம்! ஒரே நாள்ல வுட்டுட்டாடா எம்பொண்டாட்டி!” என்று செம்பனை லோரி ஓட்டுகிற சிவானந்தம் ஆலை வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தான்.

தோசை சாப்பிட்ட மறுநாள் தூள் ஊசி போட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். அதற்கு மறுநாள் ஸ்கேன். அன்றைக்குத்தான் வினை.

கதிர் கொடுக்கும்போது தலை ஒரு மயிரிழை நகரக் கூடாது. அதற்காக ஒவ்வொருவருக்கும் முகக்கூடு செய்வார்கள். பிளாஸ்டிக் வலையைச் சுடுதண்ணீரில் போட்டு, இளகியதும் முகத்தில் அப்பி அழுத்தினால் மூக்கும் வாயும் கன்னமும் அச்சாக விழும். ஆறினால் கல். நாகமணிக்கு அது பன்னிரண்டு நாளுக்கு முன்பே செய்தாகிவிட்டது. அன்றைக்கே ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும், எந்திரம் படுத்துக்கொண்டதால் தள்ளிப் போனது.

முகக்கூடு அறையில் வேலை செய்கிற திலீப் கூட்டை எடுத்து மாட்டினான். மூக்கு சரி. வலது கன்னம் சரி. இடது கன்னத்தில் தொளதொள. அவன் விரலை உள்ளே விட்டான். விரல் போய்விட்டு வந்தது.

“ஐய, என்னாம்மா இது? நியாயமா ஊசி போட்டா வீங்கணும். ஒங்களுக்கு எளச்சிருக்கு!”

டாக்டர் வந்தார். தொட்டுப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். கட்டி அப்படியேதான் இருக்கிறது, சுற்றி இருந்த வீக்கம் குறைந்திருக்கலாம் என்றார். முகத்தில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, உடனே அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அம்மா, அச்சு எடுத்த அன்னிக்கி வாயில ஏதாச்சும் இருந்துச்சா? பல்செட்டு, பஞ்சு, அந்த மாதிரி?”

“இல்லீங்களே.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆனால் இருந்தது. பல்செட்டு இல்லை, பஞ்சு இல்லை. வெற்றிலை. அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். அலமாரியில் வரிசையாக முகங்கள். கண் இல்லாத, வெள்ளை வெள்ளை முகங்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பேர் ஒட்டியிருந்தது. தன் பேரும் அப்படி ஒட்டப்படும் என்று நினைத்ததும் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. கால்வாயில் வீசியது பையைத்தான். தைல டப்பாவில் ஒரு வாய்க்கு மட்டும் எடுத்து, மடித்து, புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. கழிப்பறைக்குப் போனாள். புகையிலையும் வைத்து மென்று, புண்ணுக்கு மேலேயே ஒதுக்கிக்கொண்டாள். அங்கே வைத்தால்தான் மரத்துப் போய் வலி தெரியாது. பயம் அடங்கியது. பல்செட்டு இருக்கா என்று திலீப் கேட்டான், தலையை ஆட்டினாள். கன்னம் புடைத்திருந்ததைக் கட்டி என்று நினைத்து அவன் பக்குவமாக, வலிக்காமல், அதற்கு மேலேயே அச்சு எடுத்தான். முடிந்ததும் துப்பினாள், டப்பாவைக் குப்பையில் போட்டாள். அதுதான் கடைசி. அதற்கப்புறம் சத்தியமாக இல்லை.

இல்லைதான். ஆனால் கையெழுத்து போட்டது அதற்கு முந்தின வாரம்.

“நல்ல செய்தியா இருந்தா சந்தோஷம்தான்,” என்றார் டாக்டர். “ஆனா ஏன்னு தெரியாம நான் கதிர் குடுக்க மாட்டேன். இந்தக் கூட்டோட இன்னிக்கி ஸ்கேன் வேணாம், வேற ஸ்கேன்ல கட்டிய அளந்து பாத்துட்டு ஆரம்பிப்போம். ஒரு வாரம் தள்ளிப் போவும்.”

சந்திரிகா அங்கே நிற்கவே இல்லை. நடைபாதையிலேயே போனை எடுத்து, சொந்தக்காரர்கள் அறுபத்து மூன்று பேர் இருக்கிற குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். “எல்லாரும் கேளுங்க! நானோ உள்ள போயி ஒரே நாள்! ஒரே நாள்லா! அம்மாவோட கன்னம் ஒரு வெரல் எளச்சிருச்சி!”

வீட்டுக்குத் திரும்பும் காடி ரவாங் ஊரைத் தாண்டுவதற்குள் குரூப்பில் நாற்பது கும்பிடு வந்துவிட்டது. சிவானந்தம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதான். “ஞாயித்துக்கெழம முனியாண்டிக்கி ஒரு சேவலு. பொங்க வைக்கறோம். மணி, நீ என்னா சொல்ற?”

நாகமணி ஜன்னல் பக்கம் திரும்பி, “ம்” என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். “ஆமாலா, எளச்சிருக்கு,” என்றார் நாற்று மேட்டில் வேலை வாங்குகிற மண்டோர் ஐயாவு. “முன்னல்லாம் இந்தப் பக்கம் பப்பாளி மாதிரி இருக்கும்.” எப்போதுமே அப்படி இருந்ததில்லை. நாகமணிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சொன்னால் ஆய்வை விட்டு எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் வெட்டவும் வழியில்லை, தூளும் இல்லை. சொல்லாவிட்டால்? ஒரு வாரம்தானே. ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கும், டாக்டர் தலையைச் சொறிவார், புதுக் கூடு செய்வார், எல்லாம் நடக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாம்பார் கிண்டும்போது அப்படித்தான் முடிவு பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முனியாண்டி கோயிலில் பொங்கல் பொங்கியது. செம்பனை மரங்களுக்கு நடுவில் சின்னக் கோயில், புதிதாகப் போட்ட தகரம். சிவானந்தம் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூசாரிக்காக நின்றான். சேவல் அவன் சட்டையை நாசம் பண்ணிக்கொண்டிருந்தது. அப்போது நாகமணியின் போன் அடித்தது.

“யக்கா, நாந்தான் இராஜம்மா. புக்கிட் பெருந்துங்லேருந்து. ஆஸ்பத்திரியில பாத்தோமே?”

ஞாபகம் இருந்தது. அதே ஆய்வில் இருப்பவள், நாக்கில் கட்டி. தூள் போட்டு, கதிரில் இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது, வாயெல்லாம் வெந்திருக்கும் போல.

“ஒங்க மவ பேசினது எங்க மாமியா குரூப்புக்கு வந்துச்சிக்கா. ஒங்களுக்குத் தூளு மட்டுமே போதுமாமே? எனக்குக் கஞ்சி கூட எறங்கல. எச்சி முழுங்கினா உசுரு போவுது. அந்தக் கதிருதான் சுடுது. எம்மவன் சொல்றான், அதான் அவங்களுக்குத் தூளுலயே கரையுதே, நாளைலேருந்து போவாதம்மாங்கறான். நீங்க என்னாக்கா சொல்றீங்க?”

நாகமணி பொங்கல் பானையைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். முனியாண்டியைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல முறைத்துக்கொண்டிருந்தார்.

“இராஜம்மா, இங்க பாரு. நாளைக்கி நீ போவணும்.”

“இல்லக்கா, ஒங்களுக்கு...”

“எனக்கு ஒரு மண்ணும் கரையல! அச்சு எடுக்கறப்ப நான் வாயில வெத்தல வச்சிருந்தேன்டி. வெத்தல, பாக்கு, பொயல எல்லாம். அதுல கன்னம் பொடச்சிருந்துச்சி. இப்ப வெத்தல இல்ல, அதான் கூடு தொளதொளன்னு இருக்கு. தூளு சும்மா கெடக்கு. கதிர் பட்டாதான் அது வேல செய்யும். நீ மவன் பேச்ச கேட்டு வீட்டுல குந்திக்காத. கேக்குதா?”

போனில் சொன்னதுதான். ஆனால் கோயிலே கேட்டது. பூசாரி மணியை ஆட்டாமல் நின்றார். சிவானந்தத்தின் கை தளர்ந்தது. சேவல் தகரத்தின் மேல் ஒரு தடவை ஏறி உட்கார்ந்துவிட்டு, செம்பனைக்குள் ஓடியே போய்விட்டது.

“போறேன்க்கா,” என்றாள் இராஜம்மா. அப்புறம், “வெத்தலயா?” என்று கேட்டுவிட்டுக் குழறலோடு சிரித்தாள். “ஐயோ, சிரிச்சா வலிக்குதுக்கா.”

நாகமணி போனை வைத்தாள்.

“ம்மா,” என்றாள் சந்திரிகா. “கையெழுத்து போட்டப்பறமா?”

“ஆமா.”

“நீ சும்மா இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே.”

“ஏன்டி, வெயிலே வரல, தகரம் எப்புடி சுட்டுச்சின்னு ஒனக்குத் தோணவே இல்லியா? நீதான எனக்குச் சொல்லிக் குடுத்தவ?”

கதிர் படாமல் தூள் ஒன்றும் செய்யாது. சந்திரிகாவே நூறு தடவை சொன்னது. ஆசை வந்ததும் அத்தனையும் பறந்துவிட்டது.

“எனக்கு நல்லா ஆயிருச்சேன்னு குதிச்சேன்ம்மா,” என்றாள் மெதுவாக.

“நல்லா ஆனது எனக்கா ஒனக்கா?”

“ஒனக்குத்தான்லா!” இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிவானந்தம் மட்டும் சிரிக்கவில்லை. “ஆலை வாசல்ல ஊருக்கே சொல்லி வச்சேனேடி,” என்று சொல்லிவிட்டு, சேவலைத் தேடிச் செம்பனைக்குள் போனான். அரை மணி நேரம் கழித்துச் சேவல் இல்லாமல் வந்து, அவளுக்கு இலையில் பொங்கலை வைத்தான்.

திங்கட்கிழமை டாக்டர் லிங்கேஸ்வரனின் அறையில் நாகமணி உட்காரக் கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தைல டப்பா, கழிப்பறை, எந்தப் பக்கம் ஒதுக்கினாள், எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் எல்லாம். திலீப் வாசலில் நின்று கேட்டான். “நான் கட்டின்னு நெனச்சி பூ மாதிரி புடிச்சேன்மா அத,” என்று தலையில் கை வைத்தான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா என்று தெரியவில்லை.

“அன்னிக்கி கேட்டனே, ஏம்மா சொல்லல?”

“பயந்துட்டேன் டாக்டர். வெளிய அனுப்பிட்டா எனக்கு வேற வழி இல்ல.”

“அப்ப இன்னிக்கி?”

“இவ குரூப்ல போட்டத கேட்டுட்டு இராஜம்மா கதிருக்கு வரமாட்டேன்னா.”

அவர் தலையை நிமிர்த்தினார். இராஜம்மா அன்று காலை எட்டு மணிக்கே வந்து கதிர் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அவள் வராமல் இருக்க நினைத்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நான் மறைக்க முடியாதும்மா. ஆய்வுக் கமிட்டிக்கு எழுதணும். அவங்கதான் முடிவு பண்ணணும். எடுத்துட்டாலும் சாதாரண கதிர் உண்டு, ஒங்கள அப்படியே வுட்டுற மாட்டோம். ஆனா ஊசி போட்டப்பறம் ஒரு தடவ கூட தொடலங்கறத நான் நம்பறேன். அதையும் எழுதறேன்.”

“இன்னிக்கே எழுதிருவீங்களா?” என்று முந்திக்கொண்டு கேட்டாள் சந்திரிகா. “இந்த நிமிஷம்?”

“மொதல்ல நீ அந்தக் குரூப்ப சரி பண்ணு,” என்றார் டாக்டர்.

சரி பண்ணியது நாகமணிதான். காடியில் உட்கார்ந்து போனை வாங்கி, அவளே பேசினாள். “நான் நாகமணி பேசறேன். எம்மவ சொன்னது தப்பு. வாயில வெத்தல இருந்துச்சி. யாரும் இத பாத்துட்டு மருந்த நிறுத்தாதீங்க. சேவலு தப்பிச்சிருச்சி, யாராச்சும் பாத்தா சொல்லுங்க.” அப்புறம் சிரிப்புப் படமாக வந்து கொட்டியது. நவமணி சித்தி மட்டும் தனியாக எழுதினாள். “யக்கா எனக்கும் ஒரு புண்ணு இருக்கு. ரெண்டு மாசமா. அந்த டாக்டரு வாய பாப்பாரா?”

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. வியாழன் மத்தியானம், கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கமிட்டி விதிமீறல் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, வாராவாரம் வாயைப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு அவளை ஆய்விலேயே இருக்க விட்டது. நாகமணி குழாயை மூட மறந்து, ஒரே கன்றின் மேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டாள். “ஏய், அது முங்கப் போவுது!” என்று தூரத்திலிருந்து கத்தினார் ஐயாவு.

புது அச்சு எடுக்கிற அன்றைக்குத் திலீப் கைவிளக்கு கொண்டுவந்தான்.

“ஆ காட்டுங்க.”

“ஆ.”

“நாக்க தூக்குங்க. அந்தப் பக்கம். இந்தப் பக்கம். சரி, இப்ப முந்தியையும் காட்டிருங்க.”

“போடா!” என்றாள் நாகமணி. முந்தியை உதறியும் காட்டினாள். இளகிய வலை சூடாக முகத்தில் விழுந்து, மூக்கு, கன்னம், தாடை என்று இறுகியது. பயமாகத்தான் இருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலேயே பயந்துகொண்டு படுத்திருந்தாள். அதுவும் முடிந்தது.

அப்புறம் கதிர் ஏழு வாரம். வாய் வெந்தது, தோல் உரிந்தது, கஞ்சியும் வடிகட்டிய மைலோ பானமும்தான் இறங்கின. இராஜம்மா தினமும் போன் பண்ணி இன்றைக்கு எவ்வளவு முழுங்கினாய் என்று போட்டி வைத்தாள். நவமணி சித்தியை டாக்டர் பார்த்தார். புற்று இல்லை, ஆனால் விட்டால் ஆகிவிடும் என்று திட்டி அனுப்பினார். சேவல் கடைசி வரை கிடைக்கவில்லை.

நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. முப்பத்தொரு மில்லிமீட்டராக இருந்தது பத்தொன்பது மில்லிமீட்டராகி இருக்கிறது! இந்தத் தடவை முகக்கூடு சொன்னதில்லை, எந்திரம் அளந்தது. டாக்டர் லிங்கேஸ்வரன் இந்தத் தடவை சந்தோஷத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் விரலை உயர்த்தினார். “இது கதிர் மட்டுமே செஞ்சிருக்கலாம். தூளும் சேந்து செஞ்சிருக்கலாம். ஒருத்தர வச்சி சொல்ல முடியாது. எல்லாரோடதும் வந்தப்பறம்தான் தெரியும். இன்னும் கொறையுதான்னும் பாக்கணும்.”

காடியில் ஏறியதும் சந்திரிகா, “தூளுதான், தூளேதான்லா!” என்று குதித்தாள். சிவானந்தம் முனியாண்டி என்றான், சேவல் பாக்கி இருக்கும்போதே இவ்வளவு செய்தாரே என்றான். நாகமணி ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டு, “வெயிலும் வேணும், தகரமும் வேணும்,” என்றாள். சந்திரிகா குரூப்பைத் திறந்தாள், எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அந்த இரண்டு அளவையும் மட்டும் போட்டுவிட்டு, கீழே ஒரு கேள்வியை வைத்தாள். அதையேதான் உங்களிடமும் கேட்க அவளுக்கு நாக்கு துடிக்கிறது. முப்பத்தொன்று பத்தொன்பது ஆனதில் அந்தத் தூளுக்கு எவ்வளவு பங்கு இருக்கும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?